தைமசுச் சுரப்பியும் நிர்ப்பீடனக் கலங்களின் விருத்தியும்



"வெண்குருதிக் கலங்களின் தொழில் யாது?" என்று வினவினால், "நோய்க்கிருமிகளிலிருந்து உடலைப் பாதுகாத்தல்" என உடனே எழுதிவிடுகிறீர்கள். விடை சரியானது, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த விடைக்குள்ளே இன்னொரு வினா மறைந்து கிடக்கிறது. எது கிருமி, எது தன் உடலின் கலம் என்பதை ஒரு வெண்குருதிக் கலம் எவ்வாறு அறிந்துகொள்கிறது? அதற்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. அது தவறிப்போய் உங்கள் ஈரலையோ சதையியையோ தாக்கினால் என்ன நடக்கும்?

இவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி நெஞ்சறையினுள்ளே இருக்கும் ஒரு சிறிய உறுப்பில் அடங்கியுள்ளது. அதுவே தைமசுச் சுரப்பி. அதன் தொழில் 1961 ஆம் ஆண்டு வரை சரியாக அறியப்படவில்லை. சுண்டெலிகளில் செய்யப்பட்ட பரிசோதனைகளே அதனை வெளிக்கொணர்ந்தன.

இப்பாடத்தில் வரும் விபரங்கள் அனைத்தையும் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் "கட்டுப்பாடு எது? மாற்றப்பட்டது எது? அவதானம் எது? முடிவு எது?" என்று நிறுத்திக் கேட்டுக்கொண்டே வாசியுங்கள். பரிசோதனை வினாக்களில் மாணவர் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் அவதானத்தையும் முடிவையும் மாற்றி எழுதுவதனாலேயே. நான் கலைப்பிரிவில் படித்தவன். ஒரு கதை போல முன்னே நடந்தது, பின்னே நடந்தது என்று ஒழுங்காகப் பார்த்த பிறகே எனக்கு இவ்விடயம் விளங்கியது. ஆகவே அதே ஒழுங்கிலேயே இங்கு தருகிறேன்.

அமைவிடமும் பழைய கருத்துகளும்

தைமசு இரு சோணைகளைக் கொண்ட, மென்மையான ஓர் உறுப்பு. மனிதனில் இது மார்பென்பின் பின்னே, இதயத்துக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. உடற்பருமனோடு ஒப்பிடுகையில் பிறந்த குழந்தையிலேயே இது மிகப் பெரியது. பூப்புப் பருவம் வரை வளர்ந்து, பின்னர் படிப்படியாகச் சுருங்கி, அவ்விடத்தைக் கொழுப்பு இழையம் நிரப்பிக்கொள்ளும். சுண்டெலியிலும் அவ்வாறே.

நுணுக்குக்காட்டியினூடாகப் பார்த்தால் இதன் வெளிப்பகுதியாகிய மேற்பட்டையில் நிணநீர்க்குழியங்கள் நெருக்கமாகவும், உட்பகுதியாகிய மையவிழையத்தில் ஐதாகவும் காணப்படும். அவற்றுட் பெருந்தொகையானவை இறந்துகொண்டிருக்கும். இதைக் கண்ட அக்கால ஆய்வாளர் பலர், தைமசு என்பது நிணநீர்க்குழியங்களின் மயானம் என்று கருதினர். வளர்ந்த விலங்குகளில் அதை வெட்டி அகற்றிப் பார்த்தனர். உடனடியாக ஒன்றும் நிகழவில்லை. ஆகவே "பயனற்ற உறுப்பு" என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பயனற்றது என்று சும்மா விட்டிருந்தாலும் பரவாயில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், திடீரென இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்த மருத்துவர்கள், அவர்களுடைய தைமசு அளவுக்கு மீறிப் பெரிதாக இருப்பதாகவும், அதுவே வாதனாளியை நெரித்துக் கொன்றிருக்கலாம் எனவும் நினைத்தனர். அமெரிக்கா போன்ற நாடுகளில் சுகதேகியான குழந்தைகளுக்கும் தைமசைச் சுருக்குவதற்காக எக்ஸ் கதிர் செலுத்தினர். பிழை எங்கே நேர்ந்தது தெரியுமா? "சாதாரண பருமன்" என்று அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தது, நெடுநாள் நோயினாலும் போசணைக் குறைவினாலும் இறந்த ஏழைகளின் உடல்களிலிருந்த தைமசை. நோயும் பட்டினியும் தைமசைச் சுருக்கிவிடும் என்பது அப்போது கவனிக்கப்படவில்லை. திடீரென இறந்த குழந்தையில் இருந்ததே உண்மையான பருமன். கதிர் பாய்ச்சப்பட்ட பிள்ளைகளிற் பலருக்குப் பிற்காலத்தில், அருகிலுள்ள தைரொயிட் சுரப்பியில் புற்றுநோய் உண்டானது. 1950 ஆம் ஆண்டிலிருந்து இத்தொடர்பு மருத்துவ ஏடுகளில் வெளிவரத் தொடங்கியது.

ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டம் பிழைத்தால் முடிவும் பிழைக்கும். "கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஏன் அவசியம்?" என்ற வினாவுக்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜாக் மில்லரின் பரிசோதனை (1961)

ஜாக் மில்லர் 1931 இல் பிரான்சில் பிறந்து, அவுஸ்திரேலியாவில் வளர்ந்து மருத்துவம் கற்றவர். அவருடைய மூத்த சகோதரி இளவயதிலேயே காசநோயால் இறந்தார். உடல் ஒரு கிருமியை எவ்வாறு எதிர்க்கிறது என்பதை அக்காலத்து மருத்துவர்களால் விளக்கக்கூட முடியவில்லை. 1958 இல் ஆய்வு மாணவராக லண்டன் சென்ற மில்லருக்கு நகருக்கு வெளியே கிடைத்த ஆய்வுகூடம், குதிரை லாயமாக இருந்து மாற்றியமைக்கப்பட்ட ஒரு கட்டடம்.

அவர் ஆராய்ந்த விடயம் நிர்ப்பீடனமே அன்று. சுண்டெலிகளில் வெண்குருதிப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசையே அவர் ஆராய்ந்தார். இவ்வைரசைப் பிறந்தவுடன் ஏற்றினாலேயே நோய் வரும். நோய் முதலில் தைமசில் தோன்றும். வளர்ந்தபின் தைமசை அகற்றிவிட்டால் நோய் வராது. அப்படியானால் வைரசு தைமசில் மட்டுந்தான் பெருகுகிறதா? இதை அறிய, வைரசை ஏற்றுவதற்கு முன்னரே, அதாவது பிறந்து ஒரு நாளுக்குள், தைமசை அகற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறந்த சுண்டெலியின் நிறை ஒரு கிராமிலும் சற்றுக் கூட. அதன் நெஞ்சைத் திறந்து தைமசை எடுத்துவிட்டு, தாய் அதை மறுபடி ஏற்றுக்கொள்ளும்படி செய்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவதானங்கள் எதிர்பாராதவையாக இருந்தன. குட்டிகள் பால்குடிக்கும் வரை சாதாரணமாகவே வளர்ந்தன. அதன் பின்னர் மெலியத் தொடங்கின. வயிற்றோட்டம் கண்டது. ஒன்றரை மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் பல இறந்தன. வைரசு ஏற்றப்படாத குட்டிகளும் இறந்தன என்பதே முக்கியம். ஆகவே காரணம் வைரசு அன்று. சோதித்தபோது குருதியிலும் மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் நிணநீர்க்குழியங்கள் மிகக் குறைவாயிருந்தன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். சத்திரசிகிச்சையின் அதிர்ச்சியே குட்டிகளைக் கொன்றிருக்கலாம் அல்லவா? அதற்காகவே இன்னொரு கூட்டம் வைக்கப்பட்டது. அக்குட்டிகளுக்கும் அதே வயதில், அதே முறையில் நெஞ்சு திறக்கப்பட்டது. தைமசு மட்டும் அகற்றப்படவில்லை. அவை நலமாக வளர்ந்தன. இதுவே இப்பரிசோதனையின் கட்டுப்பாடு. "சத்திரசிகிச்சை செய்யப்படாத சுண்டெலி" என்று எழுதினால் அது முழுமையான விடை ஆகாது.

அடுத்து மில்லர் தோல் ஒட்டிப் பார்த்தார். ஒரு சுண்டெலியின் தோலை வேறோர் இனவழியைச் சேர்ந்த சுண்டெலியில் ஒட்டினால், ஏறக்குறைய இரண்டு கிழமைக்குள் அது கருகி உதிர்ந்துவிடும். நிர்ப்பீடனத் தொகுதி அதை அந்நியம் என இனங்கண்டு நிராகரிப்பதே காரணம். பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலிகளோ அத்தோலை நிராகரிக்கவில்லை. வேற்று நிறச் சுண்டெலியின் தோல் அவற்றின் முதுகில் நிலைத்து, உரோமமும் முளைத்தது. எலியின் தோலைக்கூட ஏற்றுக்கொண்டன. சுண்டெலியும் எலியும் வெவ்வேறு இனங்கள் என்பதை நினைவிற் கொள்க.

இம்முடிவுகள் 1961 செப்தெம்பரில் 'லான்செட்' என்னும் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தன. எல்லோரும் உடனே நம்பிவிடவில்லை. ஒட்டு நிராகரிப்பை ஆராய்ந்து 1960 இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவாரே ஐயம் கொண்டிருந்தார். லாயமாக இருந்த இடத்தில் வளர்ந்த சுண்டெலிகள், ஏதோ ஒரு தொற்றுநோயால் மெலிந்து, அதனால் நிர்ப்பீடனம் குன்றியிருக்கலாம் என்றும் சிலர் கூறினர். நியாயமான ஐயமே. மில்லர் அதைச் சொற்களால் எதிர்க்கவில்லை. 1963 இல் அமெரிக்காவுக்குச் சென்று, கிருமிகளே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் அதே சத்திரசிகிச்சையைச் செய்தார். அவை மெலியவில்லை. ஆனால் அந்நியத் தோலை அவை அப்போதும் நிராகரிக்கவில்லை. அதாவது, மெலிவுக்குக் காரணம் கிருமித் தொற்று. நிர்ப்பீடனக் குறைவுக்குக் காரணம் தைமசு இல்லாமை. ஒன்றாகத் தோன்றிய இரு விளைவுகளை ஒரே பரிசோதனை வேறாக்கிவிட்டது.

வளர்ந்த விலங்கில் தைமசை அகற்றியபோது ஏன் ஒன்றும் நிகழவில்லை என்பதும் இப்போது விளங்கும். அதற்குள் வேண்டிய கலங்கள் தைமசைவிட்டு வெளியேறி உடலெங்கும் குடியேறிவிட்டன. அவை நீண்டகாலம் வாழ்பவை. இதைச் சோதிக்க, வளர்ந்த சுண்டெலிகளின் தைமசை அகற்றியபின் கதிர்வீச்சினால் அவற்றின் நிணநீர்க்குழியங்களும் அழிக்கப்பட்டன. தைமசு உள்ள சுண்டெலிகளில் நிர்ப்பீடனம் மீண்டது. இல்லாதவற்றில் மீளவில்லை.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே இக்கலங்களிற் பல தைமசைவிட்டு வெளியேறியிருக்கும். சுண்டெலியோ மிகவும் முதிராத நிலையில், ஏறக்குறைய 20 நாட் கர்ப்பத்தின் பின் பிறந்துவிடுகிறது. மில்லருக்கு வாய்ப்பளித்தது இந்த முதிராமையே.

ரீ கலங்களும் பீ கலங்களும்

1966 இல் அமெரிக்காவில் ஹென்றி கிளாமன் குழுவினரும், 1968 இல் மெல்பேர்னில் மில்லரும் அவருடைய மாணவர் கிரஹம் மிச்செலும் அடுத்த படியை வைத்தனர். நிர்ப்பீடனம் இழந்த சுண்டெலிகளுக்குச் செம்மறியாட்டின் செங்குருதிக் கலங்கள் ஏற்றப்பட்டன. இவை பிறபொருளாகையால் சாதாரண சுண்டெலி பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். தைமசுக் கலங்களை மட்டும் கொடுத்தபோது பிறபொருளெதிரி சிறிதளவே உண்டானது. என்பு மச்சைக் கலங்களை மட்டும் கொடுத்தபோதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது பெருமளவில் உண்டானது. பிறபொருளெதிரியை உற்பத்தி செய்தவை என்பு மச்சையிலிருந்து வந்த கலங்கள் என்றும், தைமசிலிருந்து வந்தவை அவற்றுக்கு உதவி புரிந்தன என்றும் மில்லரும் மிச்செலும் காட்டினர்.

தைமசிலே முதிரும் நிணநீர்க்குழியங்கள் ரீ கலங்கள் எனப்படும். பிறபொருளெதிரியைச் சுரப்பவை பீ கலங்களிலிருந்து தோன்றுபவை. ரீ கலங்களிலும் இரு பிரதான வகையுண்டு. உதவி ரீ கலங்கள் பீ கலங்கள் முதலியவற்றைத் தூண்டும். கொல்லி ரீ கலங்கள் வைரசு புகுந்த உடற்கலங்களை நேரே அழிக்கும். எச்.ஐ.வி. வைரசு அழிப்பது உதவி ரீ கலங்களையே. எயிட்ஸ் நோயாளிக்குச் சாதாரண கிருமிகளாலும் ஆபத்து நேர்வது ஏன் என்பதை இதிலிருந்து நீங்களே எழுதலாம்.

கவனிக்க: "ரீ கலங்கள் தைமசில் உற்பத்தியாகின்றன" என்று மட்டும் எழுதாதீர்கள். அவற்றின் முன்னோடிக் கலங்கள் தோன்றுவது என்பு மச்சையில். அவை குருதி வழியே தைமசை அடைந்து, அங்கே பெருகி முதிர்ச்சியடைகின்றன. தாய்வீடு என்பு மச்சை, பள்ளிக்கூடம் தைமசு.

தைமசினுள்ளே நிகழ்வது என்ன?

தைமசுக்குள் வரும் ஒவ்வொரு முன்னோடிக் கலமும் தன் மேற்பரப்பில் ஒரு வாங்கிப் புரதத்தை அமைத்துக்கொள்ளும். இவ்வாங்கியின் வடிவம் எழுமாறாக அமைவது. பரம்பரை அலகுத் துண்டுகள் கலைந்து சேர்வதனால் ஒவ்வொரு கலத்துக்கும் வெவ்வேறு வாங்கி கிடைக்கும். இதனால் இன்னும் உலகில் தோன்றாத கிருமியைக்கூட இனங்காணக்கூடிய கலம் ஒன்று எங்கோ இருக்கலாம். ஆனால் எழுமாறாக அமைவதால் இரு தொல்லைகள் உண்டு. சில வாங்கிகள் எதனுடனும் பொருந்தா. சில, தன் உடலின் புரதங்களுடனேயே இறுகப் பொருந்தும். முன்னையது பயனற்றது, பின்னையது அபாயகரமானது.

அம்மா சுளகை எடுத்து அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் உமியும் பதரும் பறந்துபோகும். பிறகு சுளகைச் சரித்துக் கல்லைப் பொறுக்குவார். தைமசு செய்வதும் இவ்விரண்டு வேலைகளே. ஒரேயொரு வேறுபாடு: சுளகில் பெரும்பகுதி மிஞ்சும், தைமசில் பெரும்பகுதி கழிந்துவிடும். இளம் சுண்டெலியின் தைமசில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 கோடி கலங்கள் தோன்றுகின்றன. முதிர்ந்து வெளியேறுபவை 10 இலட்சம் முதல் 20 இலட்சம் வரையே. நூற்றுக்கு இரண்டோ நான்கோ! பழைய ஆய்வாளர் கண்ட "மயானம்" இதுதான். அவர்கள் கண்டது பொய்யன்று, அதிலிருந்து எடுத்த முடிவே பொய்.

முதற் தேர்வு, பதர் நீக்குதல். உடற்கலங்கள் தமது மேற்பரப்பில் ஒருவகை அடையாளப் புரதங்களைக் கொண்டுள்ளன. கலத்தினுள்ளே உள்ள புரதங்களின் சிறு துண்டுகளை இவை வெளியே தாங்கிக் காட்டும். ரீ கலம் கிருமியின் துண்டைத் தனியே இனங்காணாது. தன் உடலின் அடையாளப் புரதம் தாங்கிக் காட்டும்போதே இனங்காணும். இதை 1974 இல் கன்பராவில் பீட்டர் டொகேட்டி, றொல்ஃப் சிங்கர்னாகல் ஆகிய இருவரும் சுண்டெலிகளைக் கொண்டு நிறுவி, 1996 இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரே வைரசு தொற்றிய கலங்களாயினும், தம் இனவழிச் சுண்டெலியின் கலங்களையே கொல்லி ரீ கலங்கள் கொன்றன. வேறு இனவழியின் கலங்களை விட்டுவிட்டன. இத்திறனை அவை எங்கே கற்றன? "அ" இனவழிக்கும் "ஆ" இனவழிக்கும் பிறந்த சுண்டெலியின் என்பு மச்சை, கதிர்வீச்சுக்குட்பட்ட "அ" இனவழிச் சுண்டெலிக்கு மாற்றப்பட்டது. கலங்களின் பரம்பரையில் இரு அடையாளங்களும் இருந்தும், முதிர்ந்து வந்தவை "அ" அடையாளத்தையே மதித்தன. கற்பித்தது அவை வளர்ந்த இடம், அதாவது "அ" இனவழியின் தைமசு. 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இவை. தன் அடையாளப் புரதத்துடன் சிறிதேனும் பொருந்தும் கலமே உயிர் பிழைக்கும். பெரும்பாலும் இது மேற்பட்டையில் நிகழும்.

இரண்டாம் தேர்வு, கல் பொறுக்குதல். இதற்கு மிகத் தெளிவான சான்றாக நான் கருதுவது 1988 இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரில் ஹரால்ட் ஃபொன் போமரின் குழுவினர் வெளியிட்ட பரிசோதனை. ஆண் சுண்டெலிகளில் மாத்திரம் காணப்படும் ஒரு புரதம் உண்டு. அதை இனங்காணும் வாங்கிக்குரிய பரம்பரை அலகுகளைச் சுண்டெலிகளுக்குப் புகுத்தினர். ஆணிலும் பெண்ணிலும் ரீ கல முன்னோடிகள் ஒரே வாங்கியையே கொண்டிருந்தன. பெண் சுண்டெலியில் அக்கலங்கள் முதிர்ந்து வெளிவந்தன. ஆண் சுண்டெலியில் அவை தைமசுக்குள்ளேயே அழிந்தன, தைமசும் சிறுத்துப்போனது. கலம் ஒன்று, வாங்கி ஒன்று. வேறுபட்டது, அப்புரதம் உடலில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே. மாறி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வதன் பொருள் இதுதான்.

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இங்கே கையை உயர்த்துவார். "சேர், இன்சுலின் சதையியில் அல்லவா உண்டாகிறது? நெஞ்சுக்குள் இருக்கும் தைமசு அதை எப்படிக் காட்டும்?" நல்ல கேள்வி. மையவிழையத்திலுள்ள சில மேலணிக் கலங்கள், சதையி போன்ற வேற்று உறுப்புகளின் புரதங்களையும் சிறிய அளவில் தாமே உண்டாக்குகின்றன. ஓர் உறுப்புக்குள்ளே முழு உடலின் மாதிரிகளையும் அடுக்கி வைத்த காட்சியறை போல. இதற்கு உதவும் பரம்பரை அலகு 'ஏயர்' எனப்படும். 2002 இல் இவ்வலகு நீக்கப்பட்ட சுண்டெலிகளில் ரீ கலங்கள் அவற்றின் சொந்த உறுப்புகளையே தாக்கின. மனிதரில் இதே பரம்பரை அலகு விகாரமடைந்தால் பல சுரப்பிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதடையும் ஓர் அரிய நோய் தோன்றும்.

மூன்றாம் நாளின் புதிர்

தேர்வு எவ்வளவு கடுமையாயினும் சில கற்கள் தப்பிவிடும். அப்படியிருந்தும் நம்மிற் பெரும்பாலானோர் நலமாக இருப்பது எப்படி?

1969 இல் ஜப்பானில் நிஷிசுகா, சகாகுரா ஆகிய ஆய்வாளர்கள் பெண் சுண்டெலிகளின் தைமசை பிறந்து மூன்றாம் நாளில் அகற்றினர். எதிர்பார்த்தது நிர்ப்பீடனக் குறைவு. கண்டதோ சூலகங்கள் அழிந்துபோனமை. அதாவது குறைவன்று, தன்னைத் தானே தாக்கும் மிகை. பின்னர் ஷிமொன் சககுச்சி இதை ஆராய்ந்து, சுகதேகியான அதே இனவழிச் சுண்டெலியின் ரீ கலங்களை ஏற்றினால் இத்தாக்குதல் தடைப்படும் என்று காட்டினார். ஆகவே ரீ கலங்களுக்குள்ளேயே பிற ரீ கலங்களை அடக்கிவைக்கும் ஒரு பிரிவு இருக்க வேண்டும். அப்பிரிவு தைமசைவிட்டுச் சற்றுத் தாமதித்தே வெளியேறுகிறது. மூன்றாம் நாளில் தைமசை எடுத்துவிட்டால், தாக்குபவை வெளியே, அடக்குபவை இல்லை. காவலர் வருமுன் வாயிலைச் சாத்தியதற்கு ஒப்பானது.

"அடக்கும் கலங்கள்" என்ற கருத்தை அக்காலத்தில் பலர் கைவிட்டிருந்தனர். சககுச்சி விடவில்லை. 1995 இல் அக்கலங்களை இனங்காண உதவும் மேற்பரப்பு அடையாளம் ஒன்றை வெளியிட்டார். 2001 இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் பிரெட் றாம்ஸ்டெலும், பிறந்து சில கிழமைகளில் ஆண் குட்டிகள் இறந்துபோகும் ஒரு சுண்டெலி வழியை ஆராய்ந்து, 'பொக்ஸ்பி-3' என்னும் பரம்பரை அலகின் விகாரமே காரணம் எனக் கண்டனர். அவ்வலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆண் குட்டிகள் மட்டும் இறப்பது ஏன் என்பதைத் தலைமுறையுரிமைப் பாடத்தோடு இணைத்துச் சிந்தியுங்கள். சீராக்கும் ரீ கலங்கள் உருவாவதற்கு அந்த அலகே அவசியம் என்பது இரண்டு ஆண்டுகளுக்குள் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உரோமமற்ற சுண்டெலி

1962 இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் உரோமமே இல்லாத சுண்டெலிகள் தற்செயலாகத் தோன்றின. 1968 இல் அவற்றுக்குத் தைமசும் இல்லை என அறியப்பட்டது. ஒரே பரம்பரை அலகின் விகாரம் தோலையும் தைமசின் மேலணியையும் ஒருங்கே பாதித்திருந்தது. இவற்றின் என்பு மச்சையில் குறையில்லை. தைமசை ஒட்டினால் ரீ கலங்கள் உருவாகும். குறை பள்ளிக்கூடத்தில், பிள்ளையில் அன்று. அந்நிய இழையத்தை நிராகரிக்காத காரணத்தால் மனிதப் புற்றுநோய்க் கலங்களை இவற்றில் வளர்த்து மருந்துகளைச் சோதிக்க முடிகிறது.

மனிதருக்கு வருவோம். தைமசு இன்றிப் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக உள்ளனர். அவர்களுக்குச் சாதாரண தொற்றும் உயிராபத்தாகும். வளர்ந்தோருக்குத் தைமசு வேண்டியதில்லை என்ற எண்ணமோ நீண்டகாலம் நீடித்தது. இதயச் சத்திரசிகிச்சையின்போது வழியில் நிற்கிறது என்று அதை அகற்றுவதும் உண்டு. 2023 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வெளியான ஓர் ஆய்வில், தைமசு அகற்றப்பட்ட வளர்ந்தோரில் 8.1 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தனர். அதையொத்த வேறு சத்திரசிகிச்சை செய்து தைமசு விடப்பட்டோரில் இது 2.8 சதவீதமே. மில்லரின் கட்டுப்பாட்டுக் கூட்டம் இங்கும் இருப்பதைக் கவனியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மில்லரின் பரிசோதனையில் சில குட்டிகளுக்கு நெஞ்சு திறக்கப்பட்டும் தைமசு அகற்றப்படாமைக்குக் காரணம் யாது?

2. கிருமியற்ற சூழலில் தைமசு அகற்றப்பட்ட சுண்டெலி தொடர்பாக (அ) ஓர் அவதானத்தையும் (ஆ) அதிலிருந்து பெறப்படும் முடிவையும் வேறுவேறாக எழுதுக.

3. பிறந்த அன்றே தைமசை அகற்றுவதன் விளைவும் மூன்றாம் நாளில் அகற்றுவதன் விளைவும் எவ்வாறு வேறுபடும்? காரணம் தருக.

4. உரோமமற்ற சுண்டெலி ஒன்றுக்குச் சாதாரண சுண்டெலியின் என்பு மச்சையும், இன்னொன்றுக்குச் சாதாரண சுண்டெலியின் தைமசும் மாற்றப்பட்டன. எதில் ரீ கலங்கள் தோன்றும்? உரோமம் முளைக்குமா?

விடைக் குறிப்புகள்

1. அவதானிக்கப்பட்ட விளைவு தைமசு இல்லாமையினால் ஏற்பட்டதேயன்றிச் சத்திரசிகிச்சையினால் ஏற்பட்டதன்று என உறுதிப்படுத்த.

2. (அ) மெலியவில்லை, ஆனால் அந்நியத் தோலை நிராகரிக்கவில்லை. (ஆ) நிர்ப்பீடனக் குறைவு தொற்றினால் ஏற்பட்டதன்று, தைமசு இல்லாமையால் ஏற்பட்டது. "நிராகரிக்கவில்லை" என்பதை (ஆ) வின் கீழ் எழுதினால் புள்ளியில்லை.

3. அன்றே அகற்றினால் ரீ கலங்கள் மிகக் குறைவு, ஆகவே நிர்ப்பீடனக் குறைவு. மூன்றாம் நாளில் அகற்றினால் தாக்கும் ரீ கலங்கள் வெளியேறியிருக்கும், சீராக்கும் ரீ கலங்கள் போதியளவு வெளியேறியிரா. ஆகவே சூலகம் போன்ற சொந்த உறுப்புகள் தாக்கப்படும்.

4. தைமசு பெற்றதில் ரீ கலங்கள் தோன்றும். என்பு மச்சை பெற்றதில், முன்னோடிக் கலங்கள் முதிர இடமில்லாததால், தோன்றா. உரோமம் இரண்டிலும் முளைக்காது. ஒட்டப்பட்ட தைமசில் அப்பரம்பரை அலகு சரியாக இருந்தாலும், சுண்டெலியின் தோற் கலங்களில் விகாரம் அப்படியே இருக்கிறது.